கொலின் பார்த்த பிரஷர்

தம்பி,

முதலில் உன் அப்பாவின் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ வெலிங்டனில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் மாதக்கணக்காக உப்பில்லாத கறி சாப்பிட்டேனே, நினைவிருக்கிறதா? எனக்குப் பிரஷர் என்று ஓக்லாந்துத் தமிழ்ச் சனம் முழுவதும் நம்பியிருந்தது. கலியாண வீடுகளில் கண்டவர்கள் எல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர் வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார், இன்னொருவர் கோபப்படாதே என்று என்னைக் கோபப்படுத்தினார். உண்மை என்னவென்றால், எனக்குப் பிரஷர் இருக்கவே இல்லை. பிரஷர் இருந்தது கராஜில். அதை வெளியே சொன்னால் உன் அம்மா என்னையும் கராஜிலேயே குடியிருத்திவிடுவார் என்ற பயத்தில், இல்லாத வருத்தத்துக்கு வாயைக் கட்டி நடித்தேன். மாசிக் கருவாட்டுச் சம்பல் மேசையில் என் முன்னால் இருந்து என்னைப் பார்க்கும். நான் அதைப் பார்க்காதமாதிரி அவித்த கத்தரிக்காயைத் தின்பேன்.

இப்போது ஏன் இதை அவிழ்க்கிறேன் என்றால், போன கிழமை நீ தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வியால்தான். "டாட், கராஜில இருக்கிற அம்மோவை நான் கொண்டுபோகட்டா?" குசினிக்குள் நின்ற அம்மாவின் காதில் அது 'அம்மாவை' என்று விழுந்துவிட்டது. கலியாணம் முடிந்து தென்தீவுக்கு வேலைக்குப் போகிற மகன் தன்னையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறான் என்று நினைத்து, நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சூட்கேசை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தார். "அம்மா இல்லையப்பா, அம்மோ. துவக்குக்குப் போடுற தோட்டா," என்றேன். "அப்ப என்னை இல்லையோ?" "இல்லை." அம்மா சூட்கேசைத் திரும்ப ஏற்றவில்லை. இன்னும் கூடத்தின் நடுவிலேயே கிடக்கிறது. வருகிற ஆட்கள் எல்லாரும் யார் பயணம் என்று கேட்கிறார்கள்.

துவக்கை எடுத்துப் போ, தம்பி. உன்னிடம் உரிமம் இருக்கிறது, நிதானம் இருக்கிறது. ஆனால் பூட்டின அலுமாரியில், மேல்தட்டில், முன்பு ரொபி இனிப்பு இருந்த நீலத் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறதல்லவா? அதற்குள் இருக்கிற தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுடாதே. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது, மாப்பிள்ளைகள் மாதிரி மினுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். ஆனால் நீ துவக்கைத் தோளில் வைத்துக் குறிபார்க்கும்போது அவற்றில் ஒன்று உன் வலது கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில்தான் வெடிக்கும். அதை அடைத்தவன் நான். வேண்டாம் என்று சொன்னவர் ஒரு செத்த மனிதர். இதைத் தொலைபேசியில் சொன்னால் நீ இங்கிலிஷில் சிரிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ்ச் சங்கத்து மலருக்கும் இதையே கொடுக்கப்போகிறேன், நாலு பேர் வாசிக்கட்டும். முக்கியமாகச் சவரி வாசிக்கட்டும். அவன் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மனுரேவாவில் இந்தப் பின்வீட்டைப் பார்க்க வந்த நாள் மழை. முன்வீட்டில் சொந்தக்காரி ஜொய்ஸ், பின்வீடு வாடகைக்கு, கார் போய்வர இரண்டுக்கும் ஒரே பாதை. வீட்டைக் காட்டி முடித்துவிட்டுக் கடைசியாகக் கராஜைத் திறந்தார். உள்ளே ஒரு குளிர் இருந்தது, வெளியே இருந்த குளிரோடு சேராத தனிக்குளிர். ஆணியில் ஒரு மண்ணிறக் கோட்டு தொங்கியது. போட்டிருந்தவரின் தோள் இன்னும் அதற்குள் இருப்பதுபோல, உப்பலாக. யன்னலோரம் நீண்ட மரமேசை. அதில் இறுக்கிப் பூட்டியபடி ஓர் இரும்புச் சாமான், நெம்புகோலோடு, நம்முடைய இடியப்ப உரலுக்குத் தமையன்மாதிரி. தோட்டா அடைக்கிற இயந்திரம் என்று ஜொய்ஸ் விளக்கினார். சுட்டு முடித்த பித்தளைக் கோதில் புது வெடிமருந்தும், முனையில் பறந்துபோகிற புதுச் சன்னமும் வைத்துத் திரும்பவும் தோட்டாவாக்குவதாம். "கொல் போயிட்டார்," என்றார். கொலின் என்ற கணவனின் பெயரை அவர் அப்படித்தான் சுருக்குவார். "போன கிறிஸ்மஸோடு. சாமானெல்லாம் அப்படியே கிடக்கிறது, விரும்பினால் பாவியுங்கள். என்னுடைய ஆழ்குளிர்ப்பெட்டி மட்டும் இங்கேயே இருக்கும், நான் இடைக்கிடை வந்துபோவேன்."

அம்மா உடனே அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது, அம்மாவுக்கு. ஜொய்ஸுக்கு இல்லை. "பழகிவிட்டது, டியர். ஒருவகையில் நல்லதுக்குத்தான்," என்று சொல்லிக் கோட்டின் தோளில் இருந்த தூசைத் தட்டினார், ஆள் உள்ளே நிற்பதுபோல. திரும்பி வரும்போது அம்மா மெதுவாகச் சொன்னார்: "வெள்ளைக்காரருக்கு நெஞ்சு கல்லப்பா. புருசன் போய் மூண்டு மாசம், நல்லதுக்காம்."

ஞாயிறு காலையில் ஜொய்ஸ் உடுப்பு மாற்றி, உதட்டுக்குச் சாயம் பூசி, காரை எடுப்பார். எங்கே என்று கேட்டால், "கொல்லைப் பார்க்க." இடுகாட்டுக்கு இப்படிச் சிங்காரித்துக்கொண்டு போகிற மனிசியை நாங்கள் கண்டதில்லை. இருந்தாலும் அம்மாவின் மனம் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு உழுந்து வடை சுட்டு, தட்டில் வைத்து, மேலே தாள் மூடி, "அவருக்கு வையுங்கோ" என்று கொடுத்தார். பின்னேரம் தட்டு கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. "கொல்லுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது," என்றார் ஜொய்ஸ். "நடுவில் ஓட்டை ஏன் என்று கேட்டார்."

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரிக்கிற பகிடியா, தலை குழம்பின பேச்சா என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் வடை போனது. அம்மாவுக்குப் பயம், பயம் வந்தால் அவர் சுடுகிற வடையின் எண்ணிக்கை கூடும்.

நான் துவக்கு வாங்கின கதை உனக்குத் தெரிந்ததுதான். துவக்குச் சத்தத்துக்கு ஓடிவந்த ஆள் துவக்கு வாங்கினான் என்று சனம் சிரித்தது. ஆட்டிறைச்சிதான் காரணம் என்று சத்தியம் செய்வேன். கடையில் கிடைப்பது செம்மறி, அதன் கொழுப்பு நாக்கின் மேல் மெழுகாய்ப் படியும். நமக்கு வெள்ளாடு வேண்டும். தெற்கே குன்றுகளில் காட்டாடுகள் பயிரையும் மரக்கன்றுகளையும் மேய்கின்றன, சுட்டால் பண்ணைக்காரர் நன்றி சொல்வார் என்று செய்தி கொண்டுவந்தவன் சவரிமுத்து. மன்னார்க்காரன், விரி என்ற இடத்தில் என்னோடு பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் அடுத்த இயந்திரம். ஊரில் தான் சுடாத மிருகம் யானை மட்டும்தான், அதுவும் யானை கெஞ்சினதால் என்பான். ஆக நான் விண்ணப்பம் போட்டேன். அம்மாவையும் இருத்தி விசாரிக்கப் பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்தார். உங்கள் கணவர் எப்போதாவது முரட்டுத்தனமாக நடந்திருக்கிறாரா? "கரப்பானுக்கும் கதிரையில ஏறுறவர்," என்றார் அம்மா. அதை மொழிபெயர்த்தவன் நான். எப்படி மொழிபெயர்த்தேன் என்று கேட்காதே, உரிமம் கிடைத்தது. பிறகு கொலினின் இயந்திரத்தில் இருந்த அச்சுக்கு எந்தத் துவக்கு பொருந்துமோ அதையே தேடி வாங்கினேன். கீழே கிடந்த ஒரு பொத்தானைக் கண்டு அதற்குச் சட்டை தைப்பித்த ஆள் நான்.

இனிப் பிரஷர். தோட்டாவுக்குள் மருந்து எரியும்போது அந்தக் கோதுக்குள் உண்டாகிற அழுத்தம் இருக்கிறதே, அதைத்தான் துவக்குக்காரரும் பிரஷர் என்கிறார்கள். மருந்து கூடினால் பிரஷர் ஏறும். ஏறுவதும் நேராக, படிப்படியாக ஏறாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு சின்னக் கூடுதலுக்கே பாய்ந்துவிடும். அளவு மீறினால் கோது கிழியும், துவக்கின் பூட்டு உடையும், அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருப்பது உன் முகம். கொலினின் மேசையில் ஒரு கைநூல் இருந்தது. இந்தச் சன்னத்துக்கு இந்த மருந்து, இந்த அளவில் தொடங்கு, இதற்கு மேல் போகாதே என்று ஒவ்வொன்றுக்கும் போட்டிருந்தது. நான் வாசித்தேன். சவரி வாசிக்கவில்லை. தொலைபேசியில் சத்தமாகச் சொல்வான்: "அண்ணை, புத்தகம் எழுதினவன் பயந்தாங்கொள்ளி. மருந்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ. பிரஷர் ஏறினா முகத்திலயே தெரியும்." நானும் இந்தப் பக்கத்திலிருந்து, "மருந்து கூட்டினாப் பிரஷர் ஏறுது, குறைச்சாக் காணாது, நான் என்னடாப்பா செய்ய?" என்பேன். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா இதைக் கேட்டுவிட்டார். தமிழில் வெடிக்கிற மருந்தும் மருந்து, விழுங்குகிற மருந்தும் மருந்து. அன்றிரவே கறியில் உப்பு நின்றது. வைத்தியர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அம்மா வைத்தியரின் கருவி பழுது என்றார்.

சவரி சொன்ன முகம் என்பது இதுதான்: கோதின் அடியில், நடுவில், ஒரு சின்ன உலோகத் தொப்பி இருக்கும், பிரைமர் என்பார்கள். துவக்கின் ஊசி அதில் அடிக்க, அதிலிருந்து பொறி மருந்துக்குப் போகும். புதிதாக இருக்கையில் அதன் விளிம்பு உருண்டு இருக்கும். பிரஷர் கூடினால் பின்னால் அமத்தப்பட்டுச் சப்பையாகும். கோதின் அடியில் பளபளப்பாக ஒரு தழும்பு விழும். துவக்கின் பூட்டான போல்ட்டைத் திறக்கக் கை நோகும். இவையெல்லாம் அடையாளங்கள். முதல்தரம் சுட்டுவிட்டு வந்து, காலிக் கோதுகளை மேசையில் தலைகீழாக நிறுத்தி, அடிப்பக்கம் மேலே தெரிய வரிசைப்படுத்தினேன். ஒவ்வொன்றும் நடுவில் ஒரு குழியோடு, இமையில்லாத ஒற்றைக்கண் மாதிரி என்னைப் பார்த்தன. யன்னலால் வந்த வெளிச்சத்தில் குனிந்து முகம் முகமாகப் பார்த்தேன். எல்லாம் உருண்டையாக, சுகமாக இருந்தன. எனக்கு நல்ல சந்தோசம். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தால் வருமே, அந்தமாதிரி.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கராஜுக்குப் போனேன். வரிசையில் ஒரு கோது மட்டும் விலகி, மேசையின் ஓரத்தில், படுத்துக் கிடந்தது. யாரோ இரண்டு விரலால் எடுத்துத் தனியே வைத்ததுபோல. கையில் எடுத்துப் பார்த்தேன். நான் கவனிக்காத ஒரு கீறல், அடிப்பக்கத்தில், நிலவின் நகம்போல, பளபளத்தது. மற்றவற்றோடு கலந்து வரிசையை மாற்றி நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டினேன். அதற்கடுத்த ஞாயிறு பின்னேரம் அதே கோது, அதே ஓரத்தில், படுத்துக் கிடந்தது. மழை தகரக்கூரையில் பெய்துகொண்டிருந்தது. கோட்டு ஆணியில் இருந்தது. என் பிடரிமயிர் எழும்பின சத்தம் எனக்கே கேட்டது.

வெளியே வந்தால் ஜொய்ஸ் உடுப்புக் கொடியடியில் நிற்கிறார், மழையிலும். "கொல் சொல்கிறார், அந்த ஒன்று உங்களுக்கு ஏதோ சொல்லப் பார்க்கிறதாம்," என்றார், பக்கத்து வீட்டுக்காரர் சுகம் விசாரித்ததுபோல.

"மற்றவை?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"மற்றவை இன்னும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். வாய் திறக்காததைச் சுகம் என்று எடுக்கவேண்டாமாம்."

உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "நாளைக்குப் பயறும் அவிக்கிறன்," என்றார். கோதைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ கேட்கவில்லை. செத்தவர் என்னுடைய இரத்த அழுத்தத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று விளங்கிக்கொண்டார்.

தம்பி, இந்த இடத்தில் பகிடியைக் கொஞ்சம் ஓரத்தில் வைக்கிறேன். நாங்கள் அடையாளம் பார்த்தே உயிர் தப்பின சனம். நீ சின்னப்பிள்ளை, உனக்குத் தெரியாது. காகம் கலைந்தால் ஒன்று, நாய் குரைக்காமல் கட்டிலுக்குக் கீழே பூந்தால் இன்னொன்று. ஹெலியின் சத்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டே பதுங்குகுழிக்குப் போவதா, சோற்றை முடிப்பதா என்று தீர்மானித்தோம். எங்களுக்கு எல்லாம் விளங்கும் என்று ஒரு திமிர் அதிலிருந்து வந்தது. ஆனால் பிழையாகப் பார்த்தவர்கள் இங்கே மனுரேவாவில் உட்கார்ந்து கதை எழுதவில்லை. சரியாகப் பார்த்தவர்களும், தற்செயலாகத் தப்பியவர்களும்தான் மிஞ்சி, எல்லாரும் தங்களைச் சரியாகப் பார்த்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் பிரைமரின் முகம் பார்த்துப் பிரஷர் சொல்ல எங்களைவிட மோசமான ஆட்கள் இல்லை. ஒரு பிரைமர் மெல்லிசான உலோகம், சும்மா இருந்தாலும் சப்பையாகும். இன்னொன்று தடிப்பு, துவக்கு உடைகிற நேரத்திலும் முகத்தை உருண்டையாகவே வைத்திருக்கும். உண்மையான பிரஷரை அளக்க ஆய்வுகூடத்தில் கருவி வைத்திருக்கிறார்கள், அந்தக் கைநூலை எழுதினவர்கள் அதில் அளந்துதான் எழுதினார்கள். நான் அளந்தது என் மூக்குக்கண்ணாடியால்.

இவ்வளவு விளங்கியும் நான் திருந்தவில்லை. மாசிமாத வெயில், ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஆட்டிறைச்சி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அண்ணை கொண்டுவருவார் என்று சனம் சொன்னால் எனக்குத் தலை கனத்துவிடும். சனிக்கிழமை சவரி வந்தான். நான் பாவித்த மருந்து முடிந்திருந்தது. அவன் யன்னலோரம் இருந்த கொலினின் பழைய தகரத்தைத் திறந்து மணந்து பார்த்தான். "அதே மருந்துதான் அண்ணை. தகரத்திலயும் அதே பேர் ஒட்டியிருக்கு."

"மணந்து பார்த்து மருந்து சொல்லுறியே, நீயென்ன நாட்டு வைத்தியனோ?"

"அதே அளவைப் போடுங்கோ, ஒரு நுள்ளுக் கூட. ஆடு தூரத்தில நிக்கும்."

நுள்ளு. ரசத்துக்கு மிளகுதூள் போடுகிற அளவு. தகரத்தின் வெளியே ஒட்டியிருந்த பெயரை நம்பி, உள்ளே இருந்த மருந்தைப் போட்டு, ஒரு பெட்டி நிறைய அடைத்தோம். எங்களுக்குப் பின்னால் ஆழ்குளிர்ப்பெட்டி மெதுவாக முனகிக்கொண்டிருந்தது.

ஞாயிறு விடியப் புறப்பட்டோம். போகும்போது ஜொய்ஸின் கார் இன்னும் நின்றது, அவரிடம் வடைத் தட்டும் போய்விட்டது. குன்றுக்கு ஏறும்போதே வெயில் அடித்தது, தோட்டாக்கள் காருக்குள் கிடந்து நன்றாகச் சூடேறிப்போய் இருந்தன. சூட்டிலும் பிரஷர் ஏறும் என்று அந்தக் கைநூலிலேயே இருந்தது. முதல் வெடி. ஆடு எங்கோ, சன்னம் எங்கோ. தோளில் யாரோ கோபத்தில் தள்ளினதுபோல ஒரு உதை, சத்தத்தில் வழக்கமில்லாத ஒரு கூர்மை, என் கன்னத்தில் சூடாக ஒரு மூச்சு. போல்ட்டைத் தூக்கினேன். வரவில்லை. சவரி ஒரு மரக்கட்டையால் தட்டினான். கோது வெளியே விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முகம் இல்லை. பிரைமர் முழுவதும் தட்டையாகி, சுற்றிலும் இருந்த பித்தளையோடு ஒன்றாகி, கண்ணும் இல்லாமல் விளிம்பும் இல்லாமல் மழுங்கின ஒரு வட்டம். சுற்றிவர ஒரு குருவிச் சத்தமும் இல்லை. வெள்ளாடுகள் எல்லாம் எதிர்க்குன்றில் வரிசையாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன, ஓடாமல்.

"துவக்கு பழசண்ணை, இறுகிப்போச்சு," என்றான் சவரி. "இன்னொண்டு போடுங்கோ. இரண்டாவதுக்கு இளகிடும். தாங்கோ, நான் சுடுறன்."

அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். அப்போது கொலின் சொன்னது நினைவுக்கு வந்தது: வாய் திறக்காததைச் சுகம் என்று எடுக்கவேண்டாம். இதுவோ வாய் திறந்து கத்திவிட்டது. நான் துவக்கைக் கொடுக்கவில்லை. அவனுக்கு வந்த கோபம் திரும்பும் வழியெல்லாம் தீரவில்லை. "சுட ஏலாத ஆளுக்கு ஏன் அண்ணை துவக்கு? உங்களுக்குப் பிரஷர் எண்டு சனம் சொல்லுறது சரிதான்," என்றான். விழாவுக்குக் கோழிதான் சமைத்தார்கள். சவரி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான், இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து கார் திரும்புகிறது. கார் போகிற பாதையின் நடுவில் ஜொய்ஸ் நிற்கிறார், ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு, கையில் கழுவின வடைத் தட்டு. நான் இறங்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. அவர் யன்னலருகே குனிந்தார்.

"யன்னலோரம் இருக்கிற தகரத்தைத் தொடவேண்டாம் என்று கொல் சொல்லச் சொன்னார். வெளியே எழுதியிருப்பது உள்ளே இல்லையாம்."

சவரி சிலுவை போட்டான். நான் சைவக்காரன், நானும் போட்டேன். அந்தத் தகரத்தை இரண்டாம் நாளே துவக்குக் கடைக்காரரிடம் கொண்டுபோய் ஒப்படைத்தேன். மிச்சத் தோட்டாக்களை மட்டும் கொடுக்க முடியவில்லை. செத்தவர் காட்டித் தந்த சாமான், வெளியே கொண்டுபோனால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா மறித்துவிட்டார். நீலப்பெட்டியில் வைத்துப் பூட்டினோம். வெள்ளிக்கிழமையில் அம்மா அதற்கு முன்னால் கற்பூரம் கொளுத்தப் போனதை ஓடிப்போய்த் தடுத்தேன். வாழ்க்கையில் நான் ஓடின ஓட்டங்களில் அதுவும் ஒன்று. அன்றிலிருந்து நான் தோட்டா அடைத்ததில்லை, கடையில்தான் வாங்குகிறேன்.

நீ ஒருநாள் அடைப்பாய், எனக்குத் தெரியும், என் இரத்தம். அடைத்தால் கைநூலில் சொன்ன கீழ் அளவில் தொடங்கு. பெயர் சந்தேகமான மருந்தை மணந்து பார்க்காதே, சவரியைக் கூப்பிடாதே, கொட்டிவிடு. சன்னத்தை மாற்றினாலோ பிரைமரை மாற்றினாலோ திரும்பவும் அடியிலிருந்து தொடங்கு. போல்ட் ஒருதரம் இறுகினால் அன்றைக்கு வேட்டை முடிந்தது, வீட்டுக்கு வா, கோழி சாப்பிடு. அடையாளம் தெரியும்வரை கூட்டிக்கொண்டு போகலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதே. அடையாளம் தெரிகிற நேரம் நீ எல்லையைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்துவிட்டாய் என்பது உனக்கும் தெரியாது, துவக்குக்கும் தெரியாது.

கலியாணத்துக்கும் இதே புத்தி உதவும் என்று எழுதத்தான் தொடங்கினேன், ஆனால் உன் அம்மா இதை வாசிப்பார். ஒன்று மட்டும் சொல்கிறேன். மருமகள் சிரித்த முகமாக இருக்கிறாள், ஆகவே எல்லாம் சரி என்று வாளாவிராதே. கேள். நான் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தே இருபத்தைந்து வருடம் ஓட்டினேன். அந்தச் சூட்கேஸ் இன்னும் கூடத்தின் நடுவில் கிடப்பதை நேற்றுத்தான் வேறு கண்ணால் பார்த்தேன். "நீர் பிள்ளையோட போய் இருக்க விருப்பமோ?" என்று கேட்டேன். "கேக்க இவ்வளவு நாள் எடுத்திருக்கு," என்றார். ஆகவே தம்பி, அம்மோ வராது. அம்மா வருவார், ஒரு மாதத்துக்கு. உப்பைக் கவனித்துக்கொள்.

இந்த அளவில் முடித்து, உறையில் போட்டு, நாக்கால் ஒட்டுவதற்கு முன் ஜொய்ஸிடம் கலியாண அழைப்பைக் கொடுக்கப் போனேன். அதனால் இன்னும் நாலு வரி.

ஜொய்ஸ் அழைப்பைப் பார்த்து நன்றாகச் சந்தோசப்பட்டார். "இரண்டு பேராக வரலாமா?" என்று கேட்டார். "கொல்லுக்கும் வர ஆசை. நியூ லினிலிருந்து ரயிலில் வந்துவிடுவார்." நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு ஜொய்ஸ் இங்கிலிஷில் 'கோன்' என்றதைப் போயிட்டார், செத்துப்போனார் என்றுதானே நாங்கள் தமிழாக்கினோம்? போனார்தான். நியூ லினுக்குப் போனார், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேருக்கும் ஒத்துவராதாம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நன்றாக ஒத்துவருமாம். ஜொய்ஸ் தன்னிடமிருந்த சாவியோடு இறைச்சி எடுக்கக் கராஜுக்கு வரும்போதெல்லாம் என் கோதுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பிழையானதைக் கொலின் படுக்கவைத்துக் காட்ட, இவர் வந்து அப்படியே படுக்கவைத்திருக்கிறார். தகரம் திறந்து கிடந்ததையும் சொல்லியிருக்கிறார். அவசரத்தில் வேறு மருந்தை அந்தத் தகரத்தில் கொட்டிவைத்தவரே கொலின்தானாம். ஆகவே நீலப்பெட்டியைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை, நாளைக்கே அதையும் கடைக்காரரிடம் கொடுக்கிறேன்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கூடத்தில் கிடந்த சூட்கேசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்ப இத்தனை வருசமும் நான் படைச்ச வடையை உயிரோட ஒரு மனிசன் திண்டிருக்கிறார். வேறயென்ன சொன்னவராம்?" என்றார்.

உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாராம். கொலினுக்குப் பிரஷர்.